பல திரையில் ஒரு காட்சி

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு மாணவர்கள் நியூட்டனின் குளிர்தல் விதியைச் சோதித்துக்கொண்டிருந்தனர். சுடுநீர் நிரம்பிய கலோரிமானியில் ஒரு வெப்ப உணரியைத் தொங்கவிட்டு, அதைக் கணிப்பொறியுடன் இணைத்திருந்தோம். நேரம் செல்லச் செல்ல வெப்பநிலை எவ்வாறு இறங்குகிறது என்பதைக் கணிப்பொறி ஒரு வளைகோடாக வரைந்து காட்டும். எல்லா மாணவர்களுக்கும் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக, இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்து, வரைபடத்தை இரண்டிலும் நீளுமாறு விரித்துவிட்டேன்.

கோடு அழகாக இறங்கி வந்தது. ஆனால் 12-ஆவது நிமிடத்தில் அது சட்டென்று ஒரு படி கீழே குதித்தது. பிறகு பழையபடி சீராக இறங்கத் தொடங்கியது. ஒரு மாணவர் தம் குறிப்பேட்டில், "12-ஆவது நிமிடத்தில் நீர் திடீரென்று குளிர்ந்தது. அப்போது மின்விசிறி போடப்பட்டதே இதற்குக் காரணம்" என்று எழுதிவிட்டார். மின்விசிறி உண்மையிலேயே ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் போடப்பட்டது! காரணம் பொருத்தமாகத் தோன்றியதால் நானும் தலையசைத்துவிட்டேன். பின்னர் அதே வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுப் பார்த்தபோது, படியும் இல்லை, குதிப்பும் இல்லை. நீர் திடீரென்று குளிரவே இல்லை. முதல் திரை முடிந்து இரண்டாம் திரை தொடங்கும் இடம்தான் அந்த 12-ஆவது நிமிடம்!

இத்தனைக்கும் நான் கவனக்குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. உயரம் குறைந்த மானிட்டரின் அடியில் ஒரு புத்தகத்தை வைத்து, இரண்டின் மேல் விளிம்புகளையும் மட்டப்படுத்தியிருந்தேன். கணிப்பொறியின் திரை அமைப்புப் பக்கத்திலும் இரண்டு கட்டங்களின் மேல் விளிம்புகளைச் சரியாகப் பொருத்தியிருந்தேன். அப்படியிருந்தும் கோடு ஏன் ஒடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, பல திரைகளை இணைத்து ஒரே காட்சியாக்க மனிதன் செய்த முயற்சிகளின் சுவையான வரலாறு தெரியவந்தது. அதையே இங்கே காண்போம்.

கண் என்னும் வெர்னியர்

பதினோராம் வகுப்பில் நீங்கள் வெர்னியர் அளவியைக் கையாண்டிருப்பீர்கள். 1631-ஆம் ஆண்டில் பியர் வெர்னியர் என்ற கணித அறிஞர் வெளியிட்ட நூலில் விளக்கப்பட்ட கருவி அது. முதன்மைக் கோலின் 9 பிரிவுகள் வெர்னியர் கோலின் 10 பிரிவுகளுக்குச் சமமாக இருக்கும். வெர்னியரின் எந்தக் கோடு முதன்மைக் கோலின் ஒரு கோட்டுடன் சரியாகப் பொருந்துகிறது என்று பார்த்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்துவிடுகிறோம்.

இது எப்படி முடிகிறது? கருவியின் திறமை பாதி, நம் கண்ணின் திறமை பாதி. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. கலையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. அடுத்தடுத்துள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண, அவற்றின் இடையே ஏறத்தாழ ஒரு கலை கோணமாவது இருக்கவேண்டும். ஆனால் ஒரு கோடு முடியும் இடத்தில் மற்றொரு கோடு சற்று விலகித் தொடங்கினால், அந்த விலகல் 10 விகலை அளவே இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடுகிறது! ஜெர்மானிய அறிஞர்களான வூல்ஃபிங் 1892-லும் ஹெரிங் 1899-லும் இதை ஆராய்ந்து எழுதினர். விழித்திரையின் மையத்தில் உள்ள கூம்புச் செல்களின் இடைவெளியே சுமார் 30 விகலை. அதைவிட நுண்ணிய விலகலைக் கண் காண்கிறது என்றால், ஒற்றைச் செல்லின் செய்தியை நம்பாமல், கோடு நெடுகிலும் உள்ள பல செல்களின் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுகிறது என்றே பொருள்.

இதைத் திரைக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் மானிட்டரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். 10 விகலை என்பது அந்தத் தூரத்தில் வெறும் 0.03 மில்லிமீட்டர்! திரையில் உள்ள ஒரு படப்புள்ளி, அதாவது ஒரு பிக்சல், சுமார் 0.25 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு திரைகளுக்கிடையே கோடு ஒரே ஒரு பிக்சல் விலகினாலும், அது கண்ணின் எல்லையைப் போல் எட்டு மடங்கு. ஆகவே, திரைகளை இணைக்க முயன்ற ஒவ்வொருவரும் இந்தக் கூர்மையான நீதிபதியின் முன் நின்றே தீரவேண்டியிருந்தது.

மூன்று திரை கண்ட நெப்போலியன்

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பாரிஸ் நகரின் ஒப்பரா அரங்கில் 'நெப்போலியன்' என்ற ஊமைப்படம் முதன்முறையாகக் காட்டப்பட்டது. இயக்கியவர் ஆபெல் கான்ஸ். படத்தின் இறுதிப் பகுதியில் நெப்போலியன் தன் படையுடன் இத்தாலிக்குள் நுழைகிறான். அத்தனை பெரிய படையை ஒரு சாதாரணத் திரைக்குள் அடக்க கான்ஸுக்கு மனம் வரவில்லை. அதுவரை ஒன்றாக இருந்த திரை, மூன்றாக விரிந்தது. ஒவ்வொரு திரையின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதம். மூன்றும் சேர்ந்தபோது உயரத்தைப்போல் நான்கு மடங்கு அகலமுள்ள காட்சி!

இதைப் படமெடுக்க மூன்று காமிராக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றை நேராகவும் மற்ற இரண்டை இடமும் வலமுமாகவும் திருப்பி வைத்தனர். இங்கே ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. மூன்று லென்சுகளும் மூன்று வெவ்வேறு உயரங்களில் உள்ளன. தொலைவிலுள்ள மலையை எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. அருகில் நிற்கும் குதிரை வீரனோ உயரத்துக்கு உயரம் இடம் மாறித் தெரிவான். ஒரு விரலை முகத்தெதிரே நீட்டி, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறதல்லவா? அதே விளைவுதான். எனவே மலைகள் பொருந்தும் இடத்தில் வீரர்கள் பொருந்தமாட்டார்கள்.

கான்ஸ் இந்தக் குறையை வேறு வழியில் பயன்படுத்திக்கொண்டார். சில இடங்களில் மூன்று திரைகளையும் ஒரே காட்சியாக இணைக்க முயலாமல், நடுவில் ஒரு காட்சி, இருபுறமும் வேறு காட்சி என்று காட்டினார். முடிவில் மூன்று திரைகளும் நீலம், வெண்மை, சிவப்பு என மாறிப் பிரெஞ்சுக் கொடியாகவே ஆயின. இணைப்பை மறைக்க முடியாத இடத்தில், அதைக் கலையாக்கிவிட்டார் எனலாம். ஆயினும் மூன்று புரொஜக்டர்கள் வைக்க வசதியுள்ள அரங்குகள் அரிதாக இருந்தன. அந்த ஆண்டிலேயே பேசும் படமும் வந்துவிட, முத்திரை முயற்சி அத்துடன் நின்றுபோயிற்று.

வாலரின் வளைதிரை

அமெரிக்கரான ஃப்ரெட் வாலர் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினார். நாம் நேரே பார்க்கும் பொருளை மட்டுமன்றி, கடைக்கண்ணில் படும் காட்சியையும் சேர்த்தே ஆழத்தை உணர்கிறோம் என்பது அவர் கருத்து. இரண்டாம் உலகப் போரின்போது, விமானத் துப்பாக்கி வீரர்களைப் பயிற்றுவிக்க ஐந்து புரொஜக்டர்களைக் கொண்டு கோள வடிவத் திரையில் படங்காட்டும் கருவியை அவர் உருவாக்கினார். போர் முடிந்தபின் அதே கருத்தைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தார். அதுவே 'சினராமா'. 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் நியூயார்க்கில் அதன் முதல் காட்சி நடைபெற்றது.

மூன்று காமிராக்கள், மூன்று புரொஜக்டர்கள், 146 பாகை வளைந்த ஒரு திரை. கான்ஸைப் போல வாலர் லென்சுகளை அடுக்கவில்லை. மூன்றையும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைத்தார். இடப்பக்க லென்சு வலப்பக்கக் காட்சியையும், வலப்பக்க லென்சு இடப்பக்கக் காட்சியையும் குறுக்காகப் பார்த்தன. அரங்கிலும் அவ்வாறே புரொஜக்டர்கள் குறுக்காக ஒளி வீசின.

வளைந்த திரையில் இன்னொரு தொல்லை. இடக்கோடியில் விழும் ஒளி சிதறி, எதிரேயுள்ள வலக்கோடியின் மேல் பட்டுப் படத்தை வெளிறச் செய்யும். ஆகவே திரையை ஒரே துணியாகச் செய்யாமல், சுமார் 1100 செங்குத்துப் பட்டைகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் பார்வையாளரை நோக்கித் திருப்பிவைத்தனர். பக்கவாட்டில் சிதறும் ஒளி பட்டைகளின் பின்புறத்தில் பட்டு மறைந்துபோயிற்று.

சரி, இணைப்புக் கோடுகளை என்ன செய்வது? இரண்டு படங்கள் சந்திக்கும் விளிம்பில், புரொஜக்டருக்குள் சீப்பு போன்ற பற்களுடைய ஒரு சிறு தகடு மேலும் கீழும் வேகமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதனால் படத்தின் விளிம்பு வெட்டியதுபோல் முடியாமல், மெல்ல மெல்ல மங்கி அடுத்த படத்துடன் கலந்தது. இன்று பல புரொஜக்டர்களை இணைக்கும்போது கணிப்பொறி கணக்கிட்டுச் செய்யும் விளிம்புக் கலப்பை, அன்றே ஒரு தகட்டைக்கொண்டு செய்துவிட்டார் வாலர்!

ஆனாலும் இணைப்பு முற்றிலும் மறையவில்லை. மூன்று படச்சுருள்களும் நொடிக்கு 26 படங்கள் வீதம் ஒரே சீராக ஓடவேண்டும். ஒரு சுருள் அறுந்து இரண்டு படங்கள் வீணானால், அந்த இடத்தில் இரண்டு கறுப்புப் படங்களை ஒட்டிவைத்தாக வேண்டும். இல்லையேல் மூன்றும் காலத்தில் பிசகிவிடும். இயக்குநர்களோ, இணைப்பு விழும் இடங்களில் ஒரு மரமோ தூணோ வருமாறு காட்சிகளை அமைத்தனர். 1962-இல் வெளிவந்த 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வான்' படத்தில், இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதாகத் தோன்றவேண்டுமானால், நடிகர்கள் உண்மையில் சற்று வேறு திசையில் பார்க்கவேண்டியிருந்தது! இத்தனை தொல்லைகளையும் தாங்க முடியாமல், 1963 முதல் சினராமா என்ற பெயரிலேயே ஒற்றைப் புரொஜக்டரில் 70 மில்லிமீட்டர் படங்கள் காட்டப்படலாயின. திரைப்படத்தில் இணைப்புக் கோட்டை வெல்ல முடியவில்லை, இணைப்பையே நீக்கிவிட்டார்கள்.

கணிப்பொறியின் மேசை

திரைப்படம் கைவிட்ட பல திரைக் கருத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியில், எழுத்துகளை மட்டும் காட்டும் ஒற்றை நிற அட்டை ஒன்றும், படம் வரையும் வண்ண அட்டை ஒன்றும் இருந்தன. இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளில் அமர்ந்ததால், ஒரே பெட்டியில் இரண்டையும் பொருத்த முடிந்தது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளில், ஒரு திரையில் எண்களும் மற்றதில் வரைபடமும் பார்க்கலாம். ஆனால் அவை இரண்டு தீவுகள். ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று இருக்கிறது என்பது கணிப்பொறிக்குத் தெரியாது.

1987-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் 2 அந்தத் தீவுகளுக்குப் பாலம் அமைத்தது. அதன் உள்ளே ஆறு செருகிடங்கள் இருந்தன. பல மானிட்டர்களை இணைக்கலாம். ஆனால் எது இடப்புறம், எது வலப்புறம் என்று கணிப்பொறி எப்படி அறியும்? அதற்குக் கண் இல்லையே! மேசையைப் பார்க்கக் கூடியவர் அதன்முன் அமர்ந்திருப்பவர் மட்டுமே. ஆகவே, திரையில் சிறு சிறு கட்டங்களைக் காட்டி, "உங்கள் மேசையில் உள்ளபடி இவற்றை மவுஸால் இழுத்து வையுங்கள்" என்று பயனரிடமே பொறுப்பை விட்டனர். 1998-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இதே முறையில் ஒன்பது திரைகள் வரை இணைக்க இடமளித்தது. யூனிக்ஸ் உலகிலும் ஏறத்தாழ அதே காலத்தில், பல திரைகளை ஒன்றாகக் காட்டும் மென்பொருள் பரவியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் 'பனோராமிக்ஸ்' என்று பிறந்த அதற்குப் பின்னர் இடப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஜினெராமா'! சினராமாவின் எதிரொலி காதில் விழுகிறதல்லவா?

ஆதிப்புள்ளி எங்கே?

கட்டங்களை இழுக்கும்போது உண்மையில் நடப்பது என்ன? நீங்கள் வரைபடத்தாளில் ஆய அச்சுகள் வரைவதைப் போன்றதே. விண்டோஸில், முதன்மைத் திரையின் மேல் இடது மூலை ஆதிப்புள்ளி. அதன் ஆயத்தொலைவுகள் (0, 0). வலப்புறம் போகப் போக முதல் எண் கூடும். கீழே போகப் போக இரண்டாம் எண் கூடும். முதன்மைத் திரையின் அகலம் 1920 பிக்சல் என்றால், வலப்புறத் திரை 1920-இல் தொடங்கும். இடப்புறம் அதே அளவுள்ள திரை ஒன்றை வைத்தால், அது கழித்தல் 1920-இல் தொடங்கிக் கழித்தல் 1-இல் முடியும். ஆக, திரைகள் எத்தனையாயினும் அவை ஒரே பெரிய வரைபடத்தாளின் மேல் வெட்டப்பட்ட சாளரங்கள் எனலாம்.

நீங்கள் கட்டங்களை இடம் மாற்றி வைத்துவிட்டால், வலப்புறம் போகவேண்டிய மவுஸ் சுட்டி சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். இடப்புறம் தள்ளினால் வலத்திரையில் தோன்றும். இரண்டாவது மானிட்டரை முதன்முறை இணைப்பவர் பலரும் திகைப்பது இங்கேதான். கருவியில் பழுதில்லை, தாளில் உள்ள வரைபடமும் மேசையில் உள்ள பொருளும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

இரண்டு கோல்களின் கதை

இனி நம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். இடப்புறம் இருந்தது 21.5 அங்குல மானிட்டர். 1920-க்கு 1080 பிக்சல். வலப்புறம் இருந்தது பழைய 19 அங்குல மானிட்டர். 1280-க்கு 1024 பிக்சல். முதலாவதில் ஒரு பிக்சலின் அளவு 0.248 மில்லிமீட்டர். இரண்டாவதில் 0.294 மில்லிமீட்டர். இதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

திரை அமைப்புப் பக்கம் பிக்சல்களை எண்ணுகிறதே தவிர, மில்லிமீட்டர்களை அளப்பதில்லை. மேல் விளிம்பிலிருந்து 500-ஆவது பிக்சலில் நம் வளைகோடு இணைப்பைக் கடப்பதாகக் கொள்வோம். இடத்திரையில் அந்த இடம் விளிம்பிலிருந்து 500 × 0.248 = 124 மில்லிமீட்டர் கீழே. வலத்திரையில் 500 × 0.294 = 147 மில்லிமீட்டர் கீழே. வேறுபாடு 23 மில்லிமீட்டர்! அதுதான் "திடீரென்று குளிர்ந்த" நீர்.

வலப்புறக் கட்டத்தைத் திரை அமைப்பில் 78 பிக்சல் கீழே இழுத்துவைத்தால் 500-ஆவது பிக்சலில் கோடு பொருந்திவிடும். ஆனால் 300-ஆவது பிக்சலில் அப்போதும் 9 மில்லிமீட்டர் விலகல் இருக்கும். அதைச் சரிசெய்தால் இது விலகும். ஒரே ஓர் உயரத்தில்தான் இரண்டும் பொருந்தும். இதை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? பிரிவு அளவு வேறான இரண்டு கோல்களை அருகருகே வைத்தால் ஒரு கோடு மட்டுமே பொருந்துவது வெர்னியரின் தத்துவம் அன்றோ! நான் அறியாமலேயே மேசையின் மேல் ஒரு பெரிய வெர்னியரை அமைத்திருந்தேன்.

2013-இல் வெளிவந்த விண்டோஸ் 8.1, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி உருப்பெருக்கம் தர வழிசெய்தது. அதனால் எழுத்துகள் இரண்டு திரைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். ஆயினும் இரண்டு திரைகளுக்கும் குறுக்கே விரித்த வரைபடத்தை அது முழுமையாகச் சீர்செய்துவிடாது.

நீங்களே செய்து பார்க்கலாம்

இரண்டு மானிட்டர்கள் உள்ள இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு சாளரத்தை இரண்டு திரைகளிலும் பாதிப் பாதியாக நிறுத்தி, அதன் தலைப்புப் பட்டையின் விளிம்பைப் பாருங்கள். ஒடிந்து தெரிந்தால், அது சேரும் வரை திரை அமைப்பில் ஒரு கட்டத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். பிறகு சாளரத்தை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லா உயரத்திலும் பொருந்தினால் இரண்டு திரைகளின் பிக்சல்களும் ஒரே அளவு. பொருந்தாவிட்டால் உங்கள் மேசையிலும் ஒரு வெர்னியர் இருக்கிறது. ஒரு திரையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிக்சலின் அளவு கிடைத்துவிடும். வரைபடத்தைக் குறுக்கே விரிக்கவேண்டுமானால் ஒரே அளவுள்ள இரண்டு மானிட்டர்களே ஏற்றவை.

கான்ஸ் இணைப்பைக் கலையாக்கினார். வாலர் அதை மங்கச் செய்தார். கணிப்பொறியோ இணைப்பின் பொறுப்பை நம்மிடமே ஒப்படைத்திருக்கிறது. எந்த வழியானாலும், இணைப்பு எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பது பார்ப்பவரின் கடமை. அளவுக் கருவியின் குறையை இயற்கையின் மேல் ஏற்றிவிடுவது அறிவியலில் எளிதாக நேரும் பிழை. அதற்குப் பொருத்தமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், ஆசிரியரும் தலையசைத்துவிடுவார்!

அந்த மாணவர் தம் குறிப்பேட்டைத் திருத்தி எழுதினார். மின்விசிறியைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, அதன் கீழே ஒரு பிக்சலின் அளவைக் கணக்கிட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்குக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.